வைரஸ் மருந்து கைக்கு வந்தாச்சு, இனி என்ன பண்ணணும்? முதல் தடவை எடுக்கிறவங்களுக்கு

டாக்டர் வைரஸுக்குன்னு ஒரு மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு, கையிலயும் வாங்கியாச்சு, ஆனா இது உள்ள போய் என்ன பண்ணும், நடுவுல நிறுத்தலாமா, ஏற்கனவே போட்டுட்டு இருக்கிற பிரஷர் மாத்திரையோட ஒத்துப்போகுமா, ஒரு வேளை மறந்துட்டா என்ன ஆகும், இதெல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்லலன்னு தவிக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். உங்களுக்கு எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள்னு முடிவு பண்றது உங்களைப் பரிசோதிச்ச டாக்டரோட வேலை, இதைப் படிச்சுட்டு அதை மாத்தாதீங்க. ஆனா அவர் சொல்றதுக்குப் பின்னாடி என்ன காரணம்னு தெரிஞ்சா சரியா கடைப்பிடிக்க முடியும், சரியான கேள்வியும் கேக்க முடியும்.

ஒரே ஒரு விஷயம் மனசுல நின்னா போதும், மீதி எல்லாம் அதுல இருந்தே வந்துடும். இந்த மருந்துகள்ல பெரும்பாலானது வைரஸைக் கொல்றதில்ல, வைரஸ் தன்னைத்தானே நகல் எடுத்துப் பெருகுறதைத் தடுக்குது. ஏன் சீக்கிரம் ஆரம்பிக்கணும், ஏன் வேளை தவறக் கூடாது, ஏன் ஒரு மருந்து 5 நாள்ல முடியுது இன்னொன்னு வருஷக்கணக்கா போகுது, எல்லாத்துக்கும் காரணம் இதுதான்.

முதல்ல, மருந்து எங்க புகுந்து தடுக்குது

பாக்டீரியா தனி ஒரு உயிரணு. அதுக்குன்னு சொந்தமா சுவர் இருக்கு, சொந்தமா புரதம் செய்ற அமைப்பு இருக்கு, ஆன்டிபயாடிக் போய் அடிக்கிறது இந்த மாதிரி இடங்களைத்தான். வைரஸ்கிட்ட இது எதுவுமே கிடையாது, ஒரு புரத உறைக்குள்ள கொஞ்சம் மரபணு, அவ்வளவுதான், அதனாலதான் ஆன்டிபயாடிக் எத்தனை போட்டாலும் வைரஸுக்கு ஒண்ணும் ஆகாது. வைரஸ் நம்ம செல்லுக்குள்ள புகுந்து நம்ம செல்லோட வசதிகளை வெச்சே பெருகுது, அப்ப அதை அடிக்கப் போனா நம்ம செல்லுக்கும் அடி விழும், இதுதான் பெரிய சிக்கல். பெனிசிலின் 1940-கள்லயே புழக்கத்துக்கு வந்துடுச்சு, ஆனா வைரஸுக்குன்னு முதல் மருந்து அங்கீகாரம் வாங்கினது 1963-ல, ஐடாக்ஸுரிடின்னு பேரு, ஹெர்பிஸ் வைரஸ் கண்ணுல வந்தா விடுற சொட்டு மருந்து அது, உள்ளுக்குக் குடுக்க முடியாத அளவுக்கு நச்சுத்தன்மை இருந்ததால கண்ணோட நின்னுடுச்சு.

வைரஸ் செல்லோட மேல் பரப்புல ஒட்டுது, உள்ள நுழையுது, உறையைக் கழட்டுது, மரபணுவை நகல் எடுக்குது, புரதங்களைச் செஞ்சு சரியான அளவுல வெட்டிக்குது, எல்லாத்தையும் பூட்டி புது வைரஸ் ஆக்குது, கடைசியா செல்லை விட்டு வெளிய கிளம்புது. ஒவ்வொரு மருந்தும் இதுல ஏதோ ஒரு இடத்தைப் பிடிச்சு நிறுத்துது. இன்ஃப்ளூயன்சாங்கிற ஃப்ளூ காய்ச்சலுக்குக் குடுக்கிற ஓசெல்டமிவிர் கடைசிப் படியைத் தடுக்குது, புதுசா உருவான வைரஸ் செல்லை விட்டுப் பிரிஞ்சு அடுத்த செல்லுக்குப் போக முடியாம பண்ணிடும். கோவிட்டுக்கு வர்ற நிர்மாட்ரெல்விர் புரதத்தை வெட்டுற கத்திரி மாதிரியான ஒரு நொதியை முடக்குது. எச்ஐவிக்குக் குடுக்கிற டோலுடெக்ராவிர், வைரஸோட மரபணு நம்ம டிஎன்ஏக்குள்ள போய் நுழையுறதைத் தடுக்குது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலைப்பாடு அசைக்ளோவிரோடது, சின்னம்மை, அக்கி, ஹெர்பிஸ் புண் இதுக்கெல்லாம் குடுக்கிறது. கெர்ட்ரூட் எலியன் தலைமையில நடந்த ஆராய்ச்சியில வந்த மருந்து, அவங்களுக்கு 1988-ல மருத்துவ நோபல் கிடைச்சுது. இந்த மருந்து செல்லுக்குள்ள போகும்போது தூங்கிட்டுத்தான் இருக்கும், ஹெர்பிஸ் வைரஸ் கொண்டு வர்ற ஒரு நொதி அதைத் தொட்டாத்தான் எழுந்திருக்கும், அதனால வைரஸ் இல்லாத செல்லை அது பெருசா தொந்தரவு பண்றதில்ல. எழுந்ததும் என்ன பண்ணும்னா, வைரஸ் தன்னோட டிஎன்ஏவை நீட்டிக்கிட்டே போகும்போது நிஜமான துண்டு மாதிரியே போய் ஒட்டிக்கும், ஆனா பின்னாடி கொக்கி இல்லாத ரயில் பெட்டி மாதிரி, அதுக்கு அடுத்து எதையும் கோக்க முடியாது, நகல் அங்கயே நின்னுடும்.

சரி, நகல் எடுக்கிறதை நிறுத்தியாச்சு, ஏற்கனவே உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டது? இங்கதான் ஒவ்வொரு வைரஸும் வேற மாதிரி. ஹெர்பிஸ் புண், சின்னம்மை, அக்கி இதுக்குக் காரணமான வைரஸ்கள் நரம்பு முடிச்சுகள்ல போய்த் தூங்கும், எச்ஐவி நம்ம டிஎன்ஏவுக்குள்ளயே தன்னை எழுதி வெச்சுக்கும், ஹெபடைடிஸ் பி கல்லீரல் செல்லோட உட்கருவுல வளையமா ஒரு டிஎன்ஏவை விட்டு வைக்கும். தூங்குற வைரஸ் நகல் எடுக்கிறதில்ல, அதனால மருந்துக்கு அதுமேல வேலை இல்ல. ஹெபடைடிஸ் சி அப்படி எங்கயும் பதுங்குறது கிடையாது, நகல் எடுக்கிறதை முழுசா நிறுத்தி வெச்சா கொஞ்ச வாரத்துல உடம்புலயே இல்லாம போயிடும், அதனாலதான் அதுக்கு மட்டும் பெரும்பாலும் 8-ல இருந்து 12 வாரம் மாத்திரை போட்டு 95 சதவீதத்துக்கு மேல ஆளுங்க முழுசா குணமாகுறாங்க. சோஃபோஸ்புவிர் 2013-ல வந்த பிறகு நடந்த இந்த மாற்றம் சாதாரண விஷயமே இல்ல, அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா ஊசி போட்டு, பக்க விளைவுல துவண்டு, அப்புறமும் நிறைய பேருக்குக் குணமாகாம இருந்த நோய் அது.

படி 1: எந்த வைரஸ்னு தெரிஞ்சுக்கோங்க

ஒரு ஆன்டிபயாடிக் பல வகை பாக்டீரியாவைப் பார்த்துக்கும். வைரஸ் மருந்து பெரும்பாலும் அப்படி இல்ல, ஒரு வைரஸுக்கோ ஒரு குடும்பத்துக்கோ மட்டும்தான். ஓசெல்டமிவிர் இன்ஃப்ளூயன்சாவுக்கு வேலை செய்யும், கோவிட்டுக்கு செய்யாது. அசைக்ளோவிர் ஹெர்பிஸ் குடும்பத்துக்கு, காய்ச்சல் சளிக்கு அதால எந்த பிரயோஜனமும் இல்ல. சாதாரண ஜலதோஷத்துக்கும் சரி டெங்குவுக்கும் சரி, இன்னைக்கு வரைக்கும் அங்கீகரிக்கப்பட்ட வைரஸ் மருந்து கிடையாது, உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற சிகிச்சைதான். அதனால "வைரல் ஃபீவர், ஒரு வைரஸ் மாத்திரை குடுங்க"ன்னு மெடிக்கல் ஷாப்ல நேரா போய்க் கேக்காதீங்க, அந்தக் கேள்விக்கு சரியான மாத்திரையே இல்ல. டாக்டர்கிட்ட "இது எந்த வைரஸ்னு நினைக்கிறீங்க, டெஸ்ட் எடுக்கணுமா"ன்னு கேளுங்க.

சிலதுக்கு மூக்குல இருந்தோ ரத்தத்துல இருந்தோ மாதிரி எடுத்து பிசிஆர் பார்ப்பாங்க, அக்கி மாதிரி சிலது பார்த்தாலே தெரிஞ்சுடும், உடம்புல ஒரு பக்கம் மட்டும் பட்டை மாதிரி கொப்புளம் வந்து எரியும். வயசானவங்க, கர்ப்பிணிங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க, இவங்களுக்கு ஃப்ளூன்னு சந்தேகம் வந்தாலே ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம டாக்டர் மருந்தை ஆரம்பிச்சுடுவாரு, அது அவசரப்பட்டு பண்றது இல்ல, காரணம் அடுத்த படியில இருக்கு. கண்ணைப் பத்தி தனியா ஒண்ணு சொல்லணும். கண்ணு சிவந்து வலிக்குது, வெளிச்சம் பட்டா கூசுதுன்னா வீட்ல இருக்கிற ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களா விடாதீங்க, அது ஹெர்பிஸா இருந்தா கருவிழிப் புண்ணு பெருசாகி பார்வையே போகலாம். தோலுக்குப் போடுற அசைக்ளோவிர் க்ரீமையும் கண்ணுல வைக்கக் கூடாது, கண்ணுக்குன்னு தனி ஆயின்ட்மென்ட் இருக்கு.

படி 2: நேரத்தைப் பாருங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க

எனக்கு இந்தப் படிதான் எல்லாத்தையும் விட முக்கியமா படுது. நகல் எடுக்கிறதைத் தடுக்கிற மருந்து, நகல் எடுத்து முடிஞ்ச பிறகு வந்தா என்ன பண்ண முடியும்? ஃப்ளூவுல அறிகுறி ஆரம்பிச்ச முதல் ரெண்டு மூணு நாள்லயே வைரஸ் உச்சத்துக்குப் போயிடுது, அதனாலதான் ஓசெல்டமிவிரை 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கச் சொல்றாங்க, அப்படி ஆரம்பிச்சாலும் ஆரோக்கியமான பெரியவங்களுக்குக் காய்ச்சல் ஏறக்குறைய ஒரு நாள் முன்னாடி விடும், அவ்வளவுதான், ஆனா ரிஸ்க் அதிகம் இருக்கிறவங்களுக்கு அதுவே பெரிய உதவி. கோவிட்டுக்கு நிர்மாட்ரெல்விர், ரிடோனாவிர் சேர்ந்த மாத்திரை அறிகுறி வந்து 5 நாளுக்குள்ள. அக்கிக்கு கொப்புளம் தெரிஞ்சு 72 மணி நேரத்துக்குள்ள. பெரியவங்களுக்கு சின்னம்மை போட்டா முடிஞ்சவரைக்கும் முதல் 24 மணி நேரத்துலயே. எச்ஐவி தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம்னு பயம் வந்தா, ஊசி குத்துனதோ பாதுகாப்பில்லாத உறவோ எதுவா இருந்தாலும், தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு 28 நாள் போடணும், அதுலயும் முதல் சில மணி நேரத்துலயே ஆரம்பிச்சா நல்லது, ராத்திரி ஆயிடுச்சு காலைல போலாம்னு இருக்காதீங்க, எமர்ஜென்சிக்குப் போய்க் கேளுங்க.

அதுக்காக நேரம் தாண்டிடுச்சுன்னா எல்லாம் முடிஞ்சுதுன்னு வீட்லயே இருந்துடாதீங்க. ஆஸ்பத்திரியில சேர்க்குற அளவுக்கு ஃப்ளூ முத்திப் போனவங்களுக்கு 48 மணி நேரம் தாண்டினாலும் மருந்து குடுக்கிறாங்க. அக்கியில 72 மணி தாண்டியும் புதுக் கொப்புளம் வந்துட்டே இருந்தா, இல்ல முகத்துல கண்ணுக்குப் பக்கத்துல வந்திருந்தா, டாக்டர் மருந்து ஆரம்பிக்கலாம். காய்ச்சலோட குழப்பமா பேசுறது, வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாம போறது இதெல்லாம் இருந்தா அது ஹெர்பிஸ் மூளைக்குப் போனதா இருக்கலாம், சிகிச்சை இல்லன்னா அதுல பாதிக்கு மேல ஆளுங்க பிழைக்கிறதில்ல, டாக்டருங்க டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே அசைக்ளோவிரை ரத்தக்குழாய் வழியா ஏத்த ஆரம்பிச்சுடுவாங்க. ஹெபடைடிஸ் பி, சி மாதிரி மெதுவா போறதுக்கு மணிக்கணக்கு கிடையாது, அதுல முன்னாடி எடுக்க வேண்டிய டெஸ்டை எல்லாம் நிதானமா முடிச்சுட்டு ஆரம்பிக்கலாம்.

படி 3: என்னென்ன போடுறீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க

ஒரு பேப்பர்லயோ போன்லயோ நீங்க சாப்பிடுற மாத்திரை, இன்ஹேலர், மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே, விட்டமின், மூலிகை, கருத்தடை மாத்திரை எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கோங்க, பேர் தெரியலன்னா அட்டையை போட்டோ எடுத்துக்கோங்க. கோவிட் மாத்திரையில நிர்மாட்ரெல்விரோட ஏன் ரிடோனாவிர்னு இன்னொன்னு சேர்க்குறாங்கன்னா, கல்லீரல்ல மருந்துகளை உடைச்சு வெளிய தள்ளுற ஒரு நொதியை ரிடோனாவிர் அடைச்சு வைக்கும், அதனால நிர்மாட்ரெல்விர் உடம்புல ரொம்ப நேரம் நிக்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனா அதே நொதியை நம்பி வெளிய போற மத்த மருந்துகளும் மாட்டிக்கிட்டு ரத்தத்துல ஏறிக்கிட்டே போகும். கொலஸ்ட்ராலுக்குப் போடுற சிம்வாஸ்டாட்டின், ரத்தம் உறையாம இருக்கப் போடுற சில மாத்திரை, இதயத் துடிப்புக்குக் குடுக்கிற அமியோடரோன், உறுப்பு மாற்று சிகிச்சை பண்ணவங்க போடுற டாக்ரோலிமஸ் இப்படி பட்டியல் நீளமா போகும். சிலதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பாங்க, சிலதுக்கு அளவு குறைப்பாங்க, சிலது இருந்தா இந்த கோவிட் மாத்திரையே குடுக்க மாட்டாங்க. எதிர்த் திசையிலயும் நடக்கும், டிபிக்குக் குடுக்கிற ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் குடுக்கிற கார்பமாசிபின், ஃபெனிடாயின், மனச்சோர்வுக்குன்னு விக்கிற செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை, இதெல்லாம் வைரஸ் மருந்தை வேகமா உடைச்சு வெளிய தள்ளிடும், மாத்திரை போட்டும் போடாத மாதிரிதான்.

இது எவ்வளவு தூரம் போகும்னு ஜப்பான்ல 1993-ல நடந்ததைப் பார்த்தா புரியும். சோரிவுடின்னு அக்கிக்கு ஒரு புது மருந்து விற்பனைக்கு வந்துச்சு, புற்றுநோய்க்கு 5-ஃப்ளூரோயுராசில் வகை மருந்து எடுத்துட்டு இருந்தவங்களுக்கும் அது குடுக்கப்பட்டுச்சு, எதிர்ப்பு சக்தி குறைஞ்சு அக்கி வர்றது அவங்களுக்குத்தானே அதிகம். சோரிவுடின் உடைஞ்சு வர்ற ஒரு பொருள், புற்றுநோய் மருந்தை உடம்பு கழிக்கிற வழியையே அடைச்சுடுச்சு, அது உடம்புல சேர்ந்து நச்சாகி, வந்த சில வாரத்துக்குள்ளயே பத்து பேருக்கு மேல செத்துப் போனாங்க, மருந்தை சந்தையில இருந்து எடுத்துட்டாங்க. அதே குடும்பத்துல பிரிவுடின்னு இன்னொரு அக்கி மருந்து சில நாடுகள்ல இன்னும் புழக்கத்துல இருக்கு, அதுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. கீமோ எடுக்கிறவங்க, எடுத்து முடிச்சு கொஞ்ச வாரமே ஆனவங்க, அக்கிக்கு யாரைப் பார்த்தாலும் அதை முதல் வார்த்தையா சொல்லுங்க.

மருந்தைத் தவிர உங்க உடம்பைப் பத்தியும் சொல்லணும். சிறுநீரகம் சரியில்லன்னா அசைக்ளோவிர், அதோட இன்னொரு வடிவமான வாலாசைக்ளோவிர், ஓசெல்டமிவிர், எச்ஐவிக்கும் ஹெபடைடிஸ் பிக்கும் குடுக்கிற டெனோஃபோவிர் இப்படி நிறைய மருந்துக்கு அளவைக் குறைக்கணும், ஏன்னா இதெல்லாம் சிறுநீர் வழியாத்தான் வெளிய போகுது. வயசானவங்களுக்கு சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் டெஸ்ட் பார்க்காமலே முழு அளவு வாலாசைக்ளோவிர் போயி, அவங்க குழம்பிப் போய் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுதுன்னு சொல்ல ஆரம்பிச்சா, வீட்ல இருக்கிறவங்க வயசுக் கோளாறுன்னு விட்டுடக் கூடாது, அது மருந்து தேங்குறதால வர்றதா இருக்கலாம். ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு ஃப்ளூவுக்கு உறிஞ்சுற சனமிவிர் ஆகாது, மூச்சுக்குழாய் இறுகிடும். கர்ப்பம்னா எல்லா வைரஸ் மருந்தும் ஆபத்துன்னு நினைச்சு நிறுத்துறவங்க இருக்காங்க, அது தப்பு. கர்ப்ப காலத்துல ஃப்ளூ வந்தா அதுதான் தாய்க்கு ஆபத்து, ஓசெல்டமிவிர் குடுக்கச் சொல்லித்தான் பரிந்துரை இருக்கு. ஆனா ஹெபடைடிஸ் சிக்கு சில சமயம் சேர்த்துக் குடுக்கிற ரிபாவிரின் வேற கதை, குழந்தைக்குக் குறைபாடு வரும், ஆணோ பெண்ணோ யார் சாப்பிட்டாலும் நிறுத்தின பிறகும் மாசக்கணக்கா கரு தரிக்காம பார்த்துக்கணும். கோவிட்டுக்குக் குடுக்கிற மோல்னுபிராவிரும் கர்ப்பத்துல வேண்டாம், அது வைரஸோட நகல்ல பிழைகளைப் புகுத்தி அழிக்கிற மருந்து.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு டெஸ்ட் பத்தி கேட்டுக்கோங்க. ஹெபடைடிஸ் சி மாத்திரை ஆரம்பிக்கும் முன்னாடி ஹெபடைடிஸ் பி இருக்கான்னு பார்க்கணும், சி அடங்குனதும் தூங்கிட்டு இருந்த பி எழுந்து கல்லீரலைத் தாக்கலாம். ஹெபடைடிஸ் பிக்கு மாத்திரை ஆரம்பிக்கும் முன்னாடி எச்ஐவி டெஸ்ட் எடுக்கணும், டெனோஃபோவிர், லாமிவுடின் ரெண்டும் எச்ஐவி மேலயும் வேலை செய்யுற மருந்து, தெரியாம ஒத்தை மருந்தா போனா எச்ஐவி அதுக்குப் பழகிடும்.

படி 4: போடுற விதம்

ஓசெல்டமிவிர் சாப்பாட்டோட போட்டா குமட்டல் குறையும். ஹெபடைடிஸ் பிக்குக் குடுக்கிற என்டெகாவிர் நேர் எதிர், வெறும் வயித்துல, சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சு, அடுத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்னாடி. ஃப்ளூவுக்கு ஒரே வேளை போடுற பலோக்சவிரை பால், தயிர், கால்சியம், இரும்பு மாத்திரை, வயித்துப் புண்ணுக்குக் குடிக்கிற ஆன்டாசிட் இதோட சேர்க்கக் கூடாது, ஒட்டிக்கிட்டு ரத்தத்துக்கே போகாது. டோலுடெக்ராவிருக்கும் ஆன்டாசிட் எதிரி, அதை ஆன்டாசிட்டுக்கு 2 மணி நேரம் முன்னாடியோ 6 மணி நேரம் பின்னாடியோ போடணும். அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போடுற நாள்ல தண்ணி நல்லா குடிங்க, சிறுநீரகத்துல படிகமா படியக்கூடிய மருந்து அது, தண்ணி அளவுக்கு டாக்டர் கட்டுப்பாடு சொல்லியிருந்தா அவர்கிட்ட கேட்டுக்கோங்க. அசைக்ளோவிர் மாத்திரை ஒரு நாளைக்கு 5 வேளைன்னு எழுதியிருந்தா மலைச்சுப் போகாதீங்க, வாயால சாப்பிட்டா அதுல கால்வாசி கூட ரத்தத்துக்குப் போறது கஷ்டம், அதான் அத்தனை வேளை. வாலாசைக்ளோவிர் நல்லா உறிஞ்சப்படும், வேளை கம்மி, கடைப்பிடிக்க முடியாதுன்னு தோணுனா அதைக் கேளுங்க.

ஒரு வேளை மறந்துட்டீங்கன்னா, ஞாபகம் வந்ததும் போடுங்க, அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா மறந்ததை விட்டுடுங்க, ரெண்டையும் சேர்த்து ஒரேயடியா மட்டும் போடாதீங்க. ஓசெல்டமிவிர்னா அடுத்த வேளைக்கு 2 மணி நேரத்துக்குள்ளன்னா விட்டுடணும், நிர்மாட்ரெல்விர் ரிடோனாவிர்னா மறந்து 8 மணி நேரம் வரைக்கும் போடலாம், தாண்டினா அடுத்த வேளைதான். போட்ட கொஞ்ச நேரத்துலயே வாந்தி வந்துட்டா திரும்பப் போடலாமான்னு டாக்டர்கிட்டயோ பார்மசிஸ்ட்கிட்டயோ போன்ல கேளுங்க, ஒவ்வொண்ணுக்கும் கணக்கு வேற. போன்ல அலாரம் வைக்கிறது, பல் தேய்க்கிற இடத்துலயே மாத்திரையை வைக்கிறது, இந்த மாதிரி சின்ன ஏற்பாடு ரொம்ப உதவும்.

வேளை தவறினா என்ன ஆகும்னா, ரத்தத்துல மருந்து அளவு இறங்கும், வைரஸைக் கொஞ்சம் மட்டும் தடுக்கிற அளவுல நிக்கும், அந்த இடைவெளியில வைரஸ் திரும்ப நகல் எடுக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு நகல்லயும் பிழை வரும், எச்ஐவிக்கு அந்தப் பிழையைத் திருத்துற வசதியே கிடையாது, சிகிச்சை இல்லாத உடம்புல அது தினமும் கோடிக்கணக்குல பெருகுது, அத்தனை பிழையில ஏதோ ஒண்ணு மருந்துக்கு அடங்காத வைரஸா அமைஞ்சுடும், மருந்து அரைகுறையா இருக்கிற உடம்புல அதுதான் பிழைச்சுப் பெருகும். 1987-ல எச்ஐவிக்கு முதல் மருந்தா ஏசட்டி வந்தப்போ ஒத்தை மருந்தா குடுத்தாங்க, கொஞ்ச மாசத்துலயே வைரஸ் அதைத் தாண்டிடுச்சு. 1996 வாக்குல மூணு மருந்தைச் சேர்த்துக் குடுக்க ஆரம்பிச்ச பிறகுதான் சாவு சரசரன்னு குறைஞ்சுது, ஒரே நேரத்துல மூணையும் தாண்டுற பிழை வர்றது ரொம்ப அரிது. ஃப்ளூவுக்கு ஒரு காலத்துல குடுத்த அமாண்டடின் இப்ப ஃப்ளூவுக்குப் பரிந்துரையிலயே இல்ல, ஏன்னா சுத்துற வைரஸ் எல்லாம் அதுக்கு அடங்காததா மாறிடுச்சு.

மாத்திரையை ஈரம் படாத, வெயில் படாத இடத்துல வைங்க, பாத்ரூம் அலமாரி வேண்டாம். டப்பாவுக்குள்ள ஈரம் உறிஞ்சுற சின்ன பொட்டலம் இருந்தா அதைத் தூக்கிப் போடாம உள்ளயே வைங்க. குழந்தைக்குக் கலக்கின சிரப்புக்கு ஆயுள் கம்மி, எத்தனை நாள்னு பாட்டில்லயே தேதி எழுதி வெச்சுடுங்க.

படி 5: எது சகஜம், எதுக்கு ஓடணும்

ஓசெல்டமிவிர்ல குமட்டல், வாந்தி, தலைவலி வரும். நிர்மாட்ரெல்விர்ல வாயில கசப்பா உலோக ருசி நிக்கும், வயித்துப்போக்கும் வரலாம், மருந்து முடிஞ்சதும் போயிடும். எச்ஐவி மாத்திரைல முதல் சில வாரம் தலைவலி, தூக்கக் குறைவு வர்றது உண்டு, தாங்க முடியலன்னா நிறுத்தாம போய்ச் சொல்லுங்க, இப்ப மாத்திக் குடுக்க நிறைய மருந்து இருக்கு. டெனோஃபோவிர் நீண்ட நாள் போறவங்களுக்கு சிறுநீரகம், எலும்பு ரெண்டையும் கவனிக்கணும், கிரியாட்டினின் டெஸ்டைத் தள்ளிப் போடாதீங்க, மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரையை நீங்களா தினமும் போடாதீங்க, ரெண்டும் சேர்ந்தா சிறுநீரகத்துக்கு சுமை.

மூச்சுத் திணறல், முகமோ நாக்கோ வீங்குறது, தோல் முழுக்க தடிப்போட கொப்புளம், கண்ணு மஞ்சளாகி சிறுநீர் கருத்து வர்றது, சிறுநீர் ரொம்பக் குறையுறது, திடீர்னு குழப்பம், வலிப்பு, இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. எச்ஐவிக்கு அபாகாவிர் போடுறவங்களுக்கு ஒண்ணு தனியா சொல்லணும், சிலருக்கு மரபணு காரணமா அது கடுமையா ஒத்துக்காம போகும், காய்ச்சல், தடிப்பு, வாந்தி, மூச்சு விட சிரமம்னு சேர்ந்து வரும், அதனாலதான் ஆரம்பிக்கும் முன்னாடியே எச்எல்ஏ-பி 5701-ன்னு ஒரு டெஸ்ட் எடுக்கிறாங்க. அப்படி வந்து ஒரு தடவை நிறுத்திட்டா திரும்ப அந்த மருந்தை வாழ்நாள்ல தொடவே கூடாது, ரெண்டாவது தடவை உயிருக்கே ஆபத்து.

படி 6: எப்ப, எப்படி நிறுத்துறது

ஃப்ளூ, கோவிட், அக்கி மாதிரி குறுகிய காலத்து மருந்தை ரெண்டாம் நாளே உடம்பு தேறிடுச்சுன்னு விட்டுடாம சொன்ன நாள் முழுக்க முடிங்க. ஹெபடைடிஸ் பி மாத்திரையை மட்டும் தயவு செஞ்சு நீங்களா நிறுத்தாதீங்க, ரிப்போர்ட்ல வைரஸ் இல்லன்னு வந்திருந்தாலும் சரி. அந்த வளைய டிஎன்ஏ உள்ளயே இருக்குன்னு மேல சொன்னேன்ல, தடுப்பு போனதும் அது மொத்தமா கிளம்பி கல்லீரல் திடீர்னு செயலிழந்து போற அளவுக்கு வீங்கலாம். எச்ஐவிக்கு டெனோஃபோவிர் இருக்கிற மாத்திரை போடுறவங்களுக்கும், எச்ஐவி வராம தடுக்க அதைப் போடுறவங்களுக்கும், ஹெபடைடிஸ் பியும் கூட இருந்தா இதே எச்சரிக்கைதான். ஊருக்குப் போறீங்கன்னா மாத்திரை எண்ணி கூடவே ஒரு வாரத்துக்கு அதிகமா எடுத்துட்டுப் போங்க. எச்ஐவில மருந்து ஒழுங்கா போட்டு ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்னா உடலுறவு மூலமா இன்னொருத்தருக்குப் பரவாது, இது பெரிய ஆய்வுகள்ல உறுதியான விஷயம், ஆனா நிறுத்துனா சில வாரத்துலயே அளவு திரும்ப ஏறிடும்.

மிச்சம் இருக்கிற மாத்திரையை அடுத்த தடவைக்குன்னோ பக்கத்து வீட்டுக்காரருக்குன்னோ எடுத்து வைக்காதீங்க, அவர் சிறுநீரகம் எப்படி, வேற என்ன மருந்து போடுறாருன்னு உங்களுக்குத் தெரியாது. குழந்தைக்கு ஃப்ளூவோ சின்னம்மையோ இருக்கும்போது காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் குடுக்கவே கூடாது, மூளையும் கல்லீரலும் பாதிக்கிற ரெய்ஸ் சிண்ட்ரோம் வரலாம், பாரசிட்டமால் போதும், அதுவும் எடைக்குத் தகுந்த அளவுல. மூக்குல விடுற ஃப்ளூ தடுப்பு மருந்துல உயிருள்ள வைரஸ் இருக்கு, ஃப்ளூ மாத்திரை போட்ட சமயத்துல அதை எடுத்தா வேலை செய்யாம போயிடும், எத்தனை நாள் இடைவெளின்னு கேட்டுட்டு எடுங்க.

ஹெபடைடிஸ் சி முடிச்சவங்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கும். கடைசி மாத்திரை போட்டு 12 வாரம் கழிச்சு ரத்தத்துல வைரஸ் இல்லன்னு வந்தாத்தான் குணம்னு கணக்கு, நிறைய பேர் உடம்பு நல்லா இருக்குன்னு அந்த டெஸ்டுக்கு வர்றதே இல்ல, அதனால மருந்து ஆரம்பிக்கிற அன்னைக்கே அந்தத் தேதியைக் குறிச்சு வெச்சுடுங்க. ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்காதீங்க, அது குணமான பிறகும் பாசிட்டிவ்னுதான் காட்டும், வைரஸ் அளவு பார்க்கிற ஆர்என்ஏ டெஸ்ட் வேணும்னு கேளுங்க. குணமானவங்களுக்கு திரும்பவும் தொற்று வரலாம், ஒரு தடவை வந்ததால பாதுகாப்பு கிடைக்காது, ஊசி, ரேசர் பகிர்றதை அதுக்கப்புறமும் தவிர்க்கணும். கல்லீரல் ஏற்கனவே தழும்பேறி இறுகிப்போய் சிரோசிஸ் ஆகியிருந்தா வைரஸ் போனாலும் 6 மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துட்டே இருக்கணும், அந்தக் கல்லீரல்ல புற்றுநோய் வர்ற வாய்ப்பு குறையும், ஆனா முழுசா போயிடாது.